மரநாய் நாய்ப் பக்கமா, பூனைப் பக்கமா? உயிர்களுக்குச் சொந்தம் பார்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டின் தகரக் கூரைக்கு மேலே ராத்திரி பத்து மணிக்குத் தடதடவென்று ஓடும் சத்தம் கேட்டால் எங்கள் வீட்டில் யாரும் பயப்பட மாட்டார்கள். "மரநாய்தான், படு" என்பார் அம்மாயி. விடிந்து பார்த்தால் மரத்தடியில் பாதி தின்ற கொய்யாப்பழம் கிடக்கும். கானோரத்தில் காப்பிக் கொட்டைகள் அப்படியே கலந்த எச்சம் இருக்கும். ஒரே ஒரு தடவை டோர்ச் வெளிச்சத்தில் அதை நேராகப் பார்த்தேன். நீண்ட மூக்கு, சாம்பல் உடம்பு, கிட்டத்தட்ட உடம்பளவு நீளமான வால். வாலைத் தொங்கவிட்டபடி இறவாணத்தில் நின்று என்னை முறைத்தது. குரைக்கவும் இல்லை, மியாவ் என்று கத்தவும் இல்லை.

இப்போது உயர்தரப் பிள்ளைகளுக்கு உயிரியல் டியூசன் சொல்லிக் கொடுக்கிறேன். போன வருசம் ஒரு பிள்ளை, "சேர், மரநாய் நாய்க் குடும்பமா?" என்று கேட்டதும் வகுப்பே சிரித்தது. சிரிக்க ஒன்றும் இல்லை. அந்தக் கேள்விக்கு முறையாகப் பதில் தேடினாலே, உயிரியலாளர்கள் உயிர்களை எப்படி வகைப்படுத்துகிறார்கள் என்பது முழுக்கப் புரிந்துவிடும். நாங்கள் ஒரு சனிக்கிழமை கொப்பியும் பென்சிலுமாக உட்கார்ந்து அதைத்தான் செய்தோம். அதே வரிசையில் இங்கே தருகிறேன்.

சொற்களைப் பற்றி முதலில் ஒரு வார்த்தை. இலங்கைப் பாடநூல்கள் பாவிக்கும் சொற்களையே நானும் எழுதுகிறேன். கூர்ப்பு என்பது தமிழ்நாட்டில் பரிணாமம். இனம், சாதி, குடும்பம், வருணம், வகுப்பு, கணம், இராச்சியம் என்று அடுக்குகள் மேலே போகும். உயிரியல் வகுப்பில் சாதியும் வருணமும் வந்தால் பிள்ளைகள் ஒரு தடவையாவது ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். இங்கே அவை வெறும் அடுக்குப் பெயர்கள், அவ்வளவுதான்.

முதல் படி: ஊர்ப் பெயரை ஓரமாக வையுங்கள்

தேயிலை மலையில் நிழலுக்கு நிற்கும் மரத்தை நாங்கள் சவுக்கு என்கிறோம். சிங்களத்தில் சபுக்கு. ஆனால் தமிழ்நாட்டுக் கடற்கரையில் ஒருவரிடம் சவுக்கு என்றால், ஊசி ஊசியாக இலை தொங்கும் வேறொரு மரத்தைக் காட்டுவார். எங்கள் சவுக்கின் ஆங்கிலப் பெயர் சில்வர் ஓக். அது ஓக் மரமும் இல்லை. ஒரே மரத்துக்கு மூன்று பெயர், ஒரே பெயருக்கு இரண்டு மரம். இதை வைத்துச் சொந்தம் பார்க்கப் போனால் வேற்று வீட்டில் போய்ப் பெண் கேட்ட கதையாகிவிடும்.

அதனால் இருசொற்பெயர் தேவை. முதற்சொல் சாதி, இரண்டாவது இனத்தைக் காட்டும் சொல். எங்கள் சவுக்கு கிரவீலியா ரொபஸ்டா. கடற்கரைச் சவுக்கு கசுவாரினா. இந்த முறையை நிலைநிறுத்தியவர் சுவீடன் நாட்டு லின்னேயஸ். தாவரப் பெயர்கள் 1753இல் வந்த அவரது நூலிலிருந்தும், விலங்குப் பெயர்கள் 1758இல் வந்த நூற்பதிப்பிலிருந்தும்தான் இன்றும் எண்ணப்படுகின்றன. அவர் இலங்கைக்கு வந்ததே இல்லை. ஆனால் 1670களில் இங்கே டச்சுக் கம்பெனியின் வைத்தியராக இருந்த பவுல் ஹெர்மன் காயவைத்து ஒட்டிச் சேர்த்த செடிகளைப் பார்த்து, 1747இல் இலங்கைத் தாவரங்களைப் பற்றித் தனி நூலே எழுதினார்.

தேயிலைக்கு லின்னேயஸ் 1753இல் வைத்த பெயர் தேயா சினென்சிஸ். பூச்செடியாக வளர்க்கும் கமேலியாவை அவர் வேறு சாதியாக வைத்தார். இரண்டும் ஒரே சாதி என்று பிறகு தெளிவானது. தேயிலை கமேலியா சினென்சிஸ் ஆனது. கவனியுங்கள், சாதிப் பெயர் மாறியது, சினென்சிஸ் கூடவே வந்தது. கலியாணம் முடித்துப் போகும் பெண்ணின் தலைப்பெயர் மாறினாலும் சொந்தப் பெயர் மாறாதது போல.

நம் பட்டியலில் நான்கு பேர்: சிறுத்தை, மரநாய், நரி, நீர்நாய். பெயரை நம்பினால் மரநாயும் நீர்நாயும் நரியோடு ஒரு பக்கம், சிறுத்தை தனியே. பார்ப்போம்.

இரண்டாம் படி: கேள்வியைச் சரியாகக் கேளுங்கள்

"யார் யாரைப் போல இருக்கிறார்கள்?" என்பது நம் கேள்வி இல்லை. "யாருக்கும் யாருக்கும் பொது மூதாதை மிக அண்மையில் இருந்தது?" என்பதே கேள்வி.

வீட்டுச் சொந்தத்தில் இதை நாம் தவறாமல் செய்கிறோம். என் சித்தப்பா மகனுக்கும் எனக்கும் பொதுவானவர் எங்கள் அப்பாயி. அப்பாவின் சித்தப்பா பேரனுக்கும் எனக்கும் பொதுவானவரைத் தேட இன்னும் ஒரு தலைமுறை மேலே போக வேண்டும். அதனால் சித்தப்பா மகன்தான் நெருக்கம், முகச்சாயல் யாரோடு ஒத்துப்போனாலும் சரி. உயிர்களிலும் அப்படித்தான். பொது மூதாதை எவ்வளவு கிட்டவோ அவ்வளவு நெருங்கிய பங்காளி.

இதைக் கோடாக வரைந்தால் மரம் ஆகிறது. டார்வின் 1837இல் தன் குறிப்புப் புத்தகத்தில் அப்படி ஒரு சின்ன மரத்தைக் கிறுக்கிவைத்தார். 1859இல் வந்த அவரது நூலில் இருந்த ஒரே படமும் கிளைவிடும் கோடுகள்தான். உயிர்க் கூட்டங்கள் கிளைபிரிந்து வந்த வரலாற்றுக்குக் 'கணவரலாறு' என்று 1866இல் பெயர் வைத்தவர் ஜெர்மனியின் ஹெக்கெல். அவர் 1881இல் இலங்கைக்கு வந்து சில மாதங்கள் தங்கிப்போனவர். ஆனால் மரத்தை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதற்குக் கறாரான விதி சொன்னவர் வில்லி ஹென்னிக், ஈக்களை ஆராய்ந்த ஜெர்மானியர். அவரது நூல் 1950இல் ஜெர்மன் மொழியில் வந்தது. 1966இல் ஆங்கிலத்தில் வந்த பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. நாம் அடுத்துச் செய்யப்போவது ஹென்னிக் சொன்ன வேலைதான்.

அதற்கு முன், மரத்தை வாசிப்பதில் எல்லோரும் விடும் பிழை ஒன்று இருக்கிறது. நுனியில் யார் யாருக்குப் பக்கத்தில் நிற்கிறார் என்பதற்கு அர்த்தமே இல்லை. கிளை பிரியும் கணுவைப் பிடித்துச் சுற்றிவிடலாம், சொந்தம் மாறாது. விரலை ஒரு நுனியில் வைத்துக் கீழே வாருங்கள். மற்றவரின் கோட்டைச் சந்திக்கும் கணுதான் உங்கள் விடை. எல்லா நுனியும் இன்று வாழ்பவை என்பதால் யாரும் யாருக்கும் பாட்டன் இல்லை. தேயிலைத் தோட்டத்துக் குரங்கிலிருந்து மனிதன் வரவில்லை. அதற்கும் நமக்கும் பொதுவான மூதாதை இரண்டரைக் கோடி ஆண்டுகளுக்கு முந்தியது. அந்த மூதாதை இந்தக் குரங்கும் இல்லை, நாமும் இல்லை.

மூன்றாம் படி: வெளியாள் ஒருவரைக் கூட்டி வாருங்கள்

நம் நால்வருக்கும் நெருங்கிய சொந்தமில்லை என்று வேறு சான்றுகளால் தெரிந்த ஒருவர் வேண்டும். தூரத்துச் சொந்தம் என்றால் பரவாயில்லை, நால்வர் கூட்டத்துக்கு உள்ளே மட்டும் இருக்கக் கூடாது. இதை வெளிக்குழு என்பார்கள். ஹோட்டன் சமவெளியில் மந்தையாக மேயும் மான் வகையான மரையை நான் எடுத்தேன்.

வெளிக்குழு எதற்கு? எது பழைய குணம், எது பிறகு வந்த புதுக்குணம் என்று பிரித்துச் சொல்வதற்கு. மரையிலும் இருப்பது அநேகமாகப் பழையது. மரையில் இல்லாமல் நால்வரில் சிலரிடம் மட்டும் இருப்பது புதியது. இந்தப் படியைச் சோம்பலில் விட்டுவிட்டுக் கணக்குப் போட்டால், கணக்கு முடியும், விடை மட்டும் பிழைக்கும்.

நான்காம் படி: அட்டவணை போடுங்கள்

ஒவ்வொரு குணத்துக்கும் புதிய நிலை இருந்தால் 1, பழைய நிலை என்றால் 0. நாங்கள் எடுத்த மூன்று குணங்கள் இவை.

ஒன்று, வெட்டுப் பல். மேல்தாடையின் கடைசி முன்கடைவாய்ப் பல்லும் கீழ்த்தாடையின் முதல் கடைவாய்ப் பல்லும் கத்தரிக்கோல் போல உரசி இறைச்சியை அறுக்கும் அமைப்பு. மரநாயில் பழம் தின்று தின்று அது மழுங்கிப் போயிருக்கிறது. ஆனாலும் அதே இரண்டு பற்கள்தான்.

இரண்டு, காதெலும்பின் நடுச்சுவர். மண்டையோட்டைக் கவிழ்த்துப் பார்த்தால் காதுக்கு அடியில் குமிழ் போல ஓர் எலும்பு புடைத்திருக்கும். சிலரில் அதன் உள்ளே ஒரு சுவர் எழுந்து அதை இரண்டு அறையாகப் பிரிக்கும். சிலரில் சுவர் கிடையாது. வெளியிலிருந்து பார்த்தால் இது தெரியவே தெரியாது. இந்த விளையாட்டில் எனக்கு மிகவும் பிடித்தது இந்த எலும்புதான். தோலும் வாலும் மூக்கும் ஆளை ஏமாற்றும். காதுக்குள் ஒளிந்திருக்கும் சுவருக்கு யாரையும் ஏமாற்ற வேண்டிய தேவை இல்லை.

மூன்று, உள்ளிழுக்கும் நகம். சிறுத்தையில் முழுதாக, மரநாயில் ஓரளவுக்கு.

கொப்பியில் வந்தது இது:

மரை: 0, 0, 0
சிறுத்தை: 1, 1, 1
மரநாய்: 1, 1, 1
நரி: 1, 0, 0
நீர்நாய்: 1, 0, 0

பால் கொடுப்பது, முதுகெலும்பு இருப்பது எல்லாம் ஏன் இல்லை என்று ஒரு பையன் கேட்டான். ஐந்து பேரிடமும் இருப்பது ஐந்து பேரையும் பிரித்துக் காட்டாது. அதை வைத்து உள்ளுக்குள் யார் நெருக்கம் என்று சொல்ல முடியாது.

ஐந்தாம் படி: மாற்றங்களை எண்ணுங்கள்

இப்போது சாத்தியமான மரங்களை வரைந்து, ஒவ்வொன்றிலும் குணங்கள் எத்தனை தடவை மாறியிருக்க வேண்டும் என்று எண்ண வேண்டும். குறைந்த மாற்றத்தில் கதை முடிகிற மரத்துக்கு முதலிடம். சிக்கனக் கொள்கை என்று இதற்குப் பெயர்.

மரம் ஒன்று: சிறுத்தையும் மரநாயும் ஒரு கிளை, நரியும் நீர்நாயும் ஒரு கிளை. வெட்டுப் பல் அடியில் ஒரு தடவை தோன்றினால் போதும். நடுச்சுவர் சிறுத்தை–மரநாய்க் கிளையில் ஒரு தடவை. நகமும் ஒரு தடவை. மொத்தம் மூன்று.

மரம் இரண்டு, ஊர்ப் பெயரை நம்பி: மரநாயும் நரியும் நீர்நாயும் ஒரு கிளை, சிறுத்தை தனியே. வெட்டுப் பல் ஒன்று. நடுச்சுவர் இரண்டு இடத்தில் தனித்தனியாகத் தோன்ற வேண்டும். நகமும் அப்படியே. மொத்தம் ஐந்து.

மூன்று, ஐந்தை விடக் குறைவு. மரநாய் பூனைப் பக்கம். கீரியும் அதே பக்கம்தான். கூரை மேலே ஓடியது நாய் இல்லை. ஏதாவது பெயர் சொல்லியே ஆக வேண்டும் என்றால், சிறுத்தையின் தூரத்து ஒன்றுவிட்ட தங்கச்சி என்று சொல்லலாம்.

சரி, நரியும் நீர்நாயும் ஒரே கிளை என்று இந்த அட்டவணை காட்டிவிட்டதா? இல்லை. இந்த இடத்தில்தான் நல்ல பிள்ளைகளும் சறுக்குவார்கள். இரண்டு பேருக்கும் 1, 0, 0 என்று ஒரே எண்கள் இருக்கின்றன, உண்மை. ஆனால் அந்தப் பூச்சியங்கள் மரையிடமும் இருக்கின்றன. அவை இருவருக்கும் பொதுவான புதுச்சொத்து இல்லை. யாரும் மாற்றாமல் விட்ட பழஞ்சொத்து. இரண்டு வீட்டில் டிவி இல்லை என்பதால் இரண்டு வீடும் சொந்தம் ஆகிவிடாது. பகிர்ந்துகொண்ட புதுக்குணம் மட்டுமே சொந்தத்துக்குச் சாட்சி. ஹென்னிக் சொன்னதில் உயிர்நாடி இந்த ஒரு வரிதான். எனவே நரி–நீர்நாய் விசயத்தைத் தீர்க்க வேறு சாட்சி வேண்டும். ஏழாம் படியில் வரும்.

கையால் எண்ணுவது நான்கு பேருக்குச் சரி. வேருள்ள மரங்கள் நான்கு பேருக்கு 15தான். ஐந்து பேர் என்றால் 105. பத்துப் பேர் என்றால் 3 கோடியே 44 லட்சத்து 59 ஆயிரத்து 425. அதனால்தான் கணினி.

ஆறாம் படி: வேசத்தைக் கழற்றிப் பாருங்கள்

காலையில் எதிர் மலையில் கொழுந்து பறிப்பவர்களைப் பாருங்கள். எல்லோர் முதுகிலும் கூடை, நெற்றியில் கயிறு, இடுப்பில் படங்கு. தூரத்திலிருந்து பார்த்தால் ஒரு தாய்ப் பிள்ளைகள் மாதிரி இருக்கும். கிட்டப் போனால்தான் நாலு லயத்து ஆட்கள், நாலு குடும்பம் என்று தெரியும். அந்த ஒற்றுமை வேலை கொடுத்தது, ரத்தம் கொடுத்தது இல்லை.

உயிர்களிலும் ஒரே மாதிரி வாழ்க்கை ஒரே மாதிரி உருவத்தைக் கொடுத்துவிடும். குவிகூர்ப்பு என்பார்கள். எனக்குத் தெரிந்த ஆகச் சிறந்த உதாரணம் கண்டியில், தலதா மாளிகைக்குப் போகும் வழியில் பூ விற்கும் தட்டுகளில் இருக்கிறது. தாமரையும் நீலோற்பலமும் பக்கத்தில் பக்கத்தில். இரண்டும் குளத்துச் சேற்றில் வேர்விட்டு, நீண்ட காம்பில், அடுக்கிதழோடு பூக்கின்றன. அக்கா தங்கச்சி என்று யாரும் சொல்வார்கள். பழைய தாவரவியலாளர்களும் அப்படித்தான் சேர்த்து வைத்தார்கள்.

டி.என்.ஏ வந்து கதையை மாற்றியது. நீலோற்பலம், அதாவது அல்லி வகை, பூக்கும் தாவரங்களின் மரத்தில் மிக அடியிலேயே பிரிந்துபோன கிளை. தாமரையின் இன்றுள்ள நெருங்கிய சொந்தங்கள் இரண்டே பக்கம். ஒன்று ஐரோப்பிய வீதியோரங்களில் நடும் பிளேன் மரம். மற்றது, நம்புங்கள், எங்கள் தேயிலை மலையில் நிழலுக்கு நிற்கும் சவுக்கின் குடும்பம். தண்ணீரையே பார்க்காமல் வானத்துக்கு வளரும் கிரவீலியாவும், தண்ணீரை விட்டு வெளியே வராத தாமரையும் ஒரே வருணம். பூக்கும் தாவரங்களை வகைப்படுத்தும் பன்னாட்டுக் குழு 1998இல் வெளியிட்ட பட்டியலிலேயே இது வந்துவிட்டது.

ஒரு சாட்சியை நுணுக்குக்காட்டியில் நீங்களே பார்க்கலாம். தாமரையின் மகரந்த மணியில் மூன்று பிளவுகள் இருக்கும். கிரவீலியா இருக்கும் பெருங்கூட்டத்தின் அடிப்படை அடையாளம் அந்த மூன்று பிளவு. அல்லியின் மகரந்தத்தில் அது கிடையாது. இலையிலும் வித்தியாசம் உண்டு. அல்லி இலையில் காம்பு வரை ஒரு வெட்டு இருக்கும். தாமரை இலை வெட்டில்லாத வட்டம், தண்ணீருக்கு மேலே எழுந்தும் நிற்கும். அடுத்த தடவை பூ வாங்கும்போது காம்போடு இலையும் கேட்டுப் பாருங்கள்.

விலங்கிலும் இந்த வேசம் உண்டு. மலைக்காட்டின் கொம்பு ஓணான்களை எடுங்கள். ஹோட்டன் சமவெளிப் பக்கம் ஒரு வகைக்கு மூக்கில் முள் போலக் கொம்பு. நக்கிள்ஸ் மலையில் வேறொரு வகைக்கு இலை போலக் கொம்பு. இரண்டும் இலங்கைக்கே உரிய ஒரே சாதி. ஆனால் அந்தக் கொம்பு ஒரே தடவை தோன்றி எல்லோருக்கும் பரம்பரையாக வந்ததா என்பது வேறு கேள்வி. 2002இல் வெளியான டி.என்.ஏ ஆய்வு, சாதிக்குள்ளேயே அது ஒரு தடவைக்கு மேல் தோன்றியிருக்கலாம் என்றது.

இழப்பும் ஆளை ஏமாற்றும். பாம்புக்குக் கால் இல்லை என்பதால் அது தனிக் கூட்டம் என்று நினைக்கிறோம். டி.என்.ஏ ஆய்வுகளின்படி ஓணானுக்கு, சுவர்ப் பல்லியை விடப் பாம்பே நெருங்கிய சொந்தம். பாம்பு, கால் போன பல்லி வகை.

ஏழாம் படி: டி.என்.ஏ சாட்சியைக் கேளுங்கள்

உருவத்தில் பத்து இருபது குணங்கள் கிடைத்தாலே பெரிய விசயம். டி.என்.ஏயில் ஒவ்வோர் எழுத்தும் ஒரு குணம். எழுத்து நான்கே: ஏ, டி, ஜி, சி. இழையத்தில் ஒரு துணுக்கு எடுத்து, டி.என்.ஏயைப் பிரித்து, வேண்டிய மரபணுவைப் பெருக்கி, எழுத்து வரிசையை வாசிப்பார்கள். விலங்குகளை அடையாளம் காண, கலத்துக்குச் சக்தி தரும் உறுப்பான மைற்றோகொன்ரியாவில் சுமார் 650 எழுத்து நீளமுள்ள ஒரு துண்டை வழக்கமாக எடுப்பார்கள்.

அப்புறம் வரிசைகளை ஒன்றன்கீழ் ஒன்றாக, பத்திக்குப் பத்தி பொருந்த அடுக்க வேண்டும். அடுக்கில் ஓர் எழுத்து தள்ளினாலும் கீழே எல்லாம் தப்பு. கீழே இருப்பவை வகுப்புக்காக நான் இட்டுக்கட்டியவை. உண்மை வரிசைகள் இல்லை.

மரை: ஏ சி ஜி டி ஏ ஏ சி ஜி
சிறுத்தை: ஏ டி ஜி டி டி ஏ சி ஜி
மரநாய்: ஏ டி ஜி டி டி ஏ சி ஜி
நரி: ஏ சி ஜி டி டி ஏ சி சி
நீர்நாய்: ஏ சி ஜி டி டி ஜி சி சி

இரண்டாம் பத்தி சிறுத்தையையும் மரநாயையும் சேர்க்கிறது. ஐந்தாம் பத்தி நால்வரையும் மரையிலிருந்து பிரிக்கிறது. எட்டாம் பத்தியைப் பாருங்கள். நரியிடமும் நீர்நாயிடமும் சி, மரையிடம் ஜி. நாம் தேடிய புதுச்சொத்து இதுதான். ஆறாம் பத்தியில் நீர்நாய் மட்டும் தனியே மாறியிருக்கிறது, அதனால் யாரையும் யாரோடும் சேர்க்காது. உண்மையான வரிசைகளும் இதையே சொல்கின்றன: நீர்நாய் நாய்ப் பக்கம். ஆக, பெயர் மரநாய் விசயத்தில் பொய் சொன்னது, நீர்நாய் விசயத்தில் தற்செயலாக உண்மை சொன்னது.

மரத்தை எவ்வளவு நம்பலாம்? பத்திகளைச் சீட்டுக் குலுக்குவது போலக் குலுக்கி, எடுத்ததைத் திரும்பப் போட்டுப் போட்டு, ஆயிரம் தடவை மரத்தை மீண்டும் மீண்டும் கட்டுவார்கள். 1000இல் 980 தடவை ஒரு கிளை திரும்ப வந்தால் அதை நம்பலாம். 520 தடவைதான் வந்தால் அந்த இடத்தில் வாயை மூடிக்கொள்வது நல்லது. இன்னொன்று, மைற்றோகொன்ரியா தாய்வழியில் மட்டுமே வரும். அது அம்மாயி வீட்டுக் கதையை மட்டும் சொல்லும். அதனால் கலத்தின் கருவில் உள்ள மரபணுக்களையும் சேர்த்தே பார்ப்பார்கள்.

வீட்டிலிருந்தே செய்து பார்க்கலாம். ஜென்பேங்க் தரவுத்தளத்தில் வரிசைகள் இலவசம். மெகா என்ற மென்பொருளும் இலவசம், அடுக்கவும் மரம் கட்டவும் போதும். ஆனால் காட்டுக்குள் போய் ஓணானையோ தவளையையோ பிடித்து வராதீர்கள். வனசீவராசிகள் திணைக்களத்தின் அனுமதி இல்லாமல் அது குற்றம். ஹோட்டன் சமவெளி 1988 முதல் தேசியப் பூங்கா, நக்கிள்ஸோடும் சிவனொளிபாதமலைக் காட்டோடும் சேர்ந்து 2010 முதல் உலக மரபுரிமையும் கூட.

தவளை என்றதும் ஒன்று சொல்லியாக வேண்டும். தூறல் விட்ட மாலையில் தேயிலைச் செடிக்குள்ளிருந்து டிக் டிக் என்று கூப்பிடும் நகத்தளவுத் தவளைகளைக் கேட்டிருப்பீர்கள். பார்த்தால் எல்லாம் ஒரே பழுப்பு. அதனால் நூற்றாண்டுக்கு மேலாகச் சில பெயர்களுக்குள் எல்லாவற்றையும் அடைத்து வைத்திருந்தார்கள். 2002இல் வெளியான ஆய்வு டி.என்.ஏ, உருவம், கூப்பிடும் ஓசை மூன்றையும் சேர்த்துப் பார்த்து, இலங்கையில் மரத்தவளை இனங்கள் அதுவரை எண்ணியதை விடப் பல மடங்கு என்று காட்டியது. இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு வாற்பேய்ப் பருவமே கிடையாது. முட்டைக்குள்ளேயே முழுத் தவளையாகி வெளியே வரும். அந்தக் கூட்டத்தில் பல இனங்கள் பழைய நூதனசாலைப் போத்தல்களில் மட்டுமே மிச்சம்.

எட்டாம் படி: ஒரே வெட்டில் விழுகிறதா?

மரம் கிடைத்தாயிற்று. பெயர் வைப்பது எப்படி? கவ்வாத்துக் கத்தியை எடுங்கள். மரத்தில் எங்காவது ஒரே ஒரு வெட்டு. விழுந்த கிளையில் மூதாதையும் அதன் வாரிசுகள் அத்தனை பேரும் இருந்தால் அது நல்ல கூட்டம், பெயர் வைக்கலாம். இரண்டு வெட்டுத் தேவைப்பட்டால் அது கூட்டம் இல்லை, நம் வசதிக்குக் கட்டிய மூட்டை.

'ஊர்வன' என்பதை வெட்டிப் பாருங்கள். பல்லி, பாம்பு, ஆமை, முதலை எல்லாம் விழும்படி வெட்டினால் காகமும் கோழியும் கூடவே விழுகின்றன. முதலைக்குப் பல்லியை விடப் பறவைதான் நெருங்கிய பங்காளி என்பதால். பறவையை மட்டும் வெளியே வைக்க வேண்டும் என்றால் இரண்டாவது வெட்டு. எனவே, பறவையை வெளியே வைத்த 'ஊர்வன' என்பது கூர்ப்பு வகைப்பாட்டில் நிற்காது. 'மீன்' என்ற சொல்லுக்கும் இதே கதி. பாடநூலில் இன்னும் இருக்கிறதே என்றால், பரீட்சைக்குப் பாடநூலில் உள்ளதை எழுதுங்கள், மண்டைக்குள் மரத்தை வைத்திருங்கள். வேறு வழி எனக்கும் தெரியவில்லை.

ஒரே வெட்டில் அழகாக விழும் கூட்டமும் உண்டு. தேயிலையின் வருணத்தை வெட்டினால் உலக முடிவுப் பாதையில் சிவப்பாகப் பூக்கும் ரொடொடென்ரன், வாசலில் வளரும் காசித்தும்பை, சப்போட்டா, மகிழ மரம் எல்லாம் கூடவே விழும்.

இதனால் யாருக்கு என்ன பயன்?

கிழங்குப் பாத்தி வைத்திருப்பவருக்குப் பயன். என் மாமா நுவரெலியாப் பக்கம் உருளைக்கிழங்கு போட்டிருந்தார். பனிமூட்டம் விடாத ஒரு வாரத்தில் இலையோரம் தண்ணீர் ஊறியது போலக் கறுத்தது. திருப்பிப் பார்த்தால் கறுப்பைச் சுற்றி வெள்ளைப் பஞ்சு மாதிரி. பூஞ்சைதானே என்று கடையில் கொடுத்த பூஞ்சை மருந்தை இரண்டு தடவை அடித்தார். நாலாம் நாள் பாத்தி முழுக்கக் கருகிவிட்டது.

அது பூஞ்சையே இல்லை. பைட்டோப்தொரா என்ற அந்த உயிர் பார்க்கத்தான் பூஞ்சை. மரத்தில் அதன் பங்காளிகள் கடலின் பழுப்புப் பாசிகள். பூஞ்சையின் சுவர் கைட்டின். இதன் சுவர் பெரும்பாலும் செலுலோசு வகை. பூஞ்சை தன் மென்சவ்வுக்கு எர்கொஸ்டெரோல் என்ற பொருளைத் தயாரிக்கும். அந்தத் தயாரிப்பை நிறுத்தித்தான் அசோல் வகை மருந்துகள் பூஞ்சையைக் கொல்கின்றன. பைட்டோப்தொரா அதைத் தயாரிப்பதே இல்லை. இல்லாத தொழிற்சாலையை எப்படி மூடுவது? இப்போது மாமா கறுத்த இலையைப் பொலித்தீனில் போட்டுக்கொண்டு முதலில் விவசாயப் போதனாசிரியரிடம் போகிறார், கடைக்கு அப்புறம்தான்.

தோட்டத்து நோய்களையே எடுங்கள். 1869இல் இங்கே கண்டறியப்பட்டுக் கோப்பியை அழித்த துரு நோய் பூஞ்சை. 1946இல் வந்து தேயிலைக் கொழுந்தில் கொப்புளம் போடும் நோயும் பூஞ்சை, துருவின் தூரத்துப் பங்காளி. ஆனால் தேயிலை இலையில் ஆரஞ்சுப் புள்ளியாக வரும் சிவப்புத் துரு, பெயரில் துரு இருந்தாலும், ஒரு பச்சைப் பாசி. மரத்தில் அது தேயிலைச் செடிக்கே பங்காளி. பூஞ்சைகளோ செடியை விட நமக்கு நெருங்கியவை.

வீட்டு வேலை

மூன்று பேர்: அடுப்படியில் ஓடும் மூஞ்சூறு, அரிசிச் சாக்கைக் கடிக்கும் எலி, கொப்பியில் எழுதிக்கொண்டிருக்கும் நீங்கள். எந்த இருவர் நெருங்கிய பங்காளிகள்? மூஞ்சூறும் எலியும் என்று எழுதிவிட்டீர்கள் என்றால் அழித்துவிடுங்கள். எலிக்கு மூஞ்சூறை விட நீங்களே நெருக்கம். மூஞ்சூறு வௌவாலும் சிறுத்தையும் இருக்கும் பெருங்கிளையில் உட்கார்ந்திருக்கிறது. அட்டவணை போட்டு, எழுத்துகளை அடுக்கிச் சரிபாருங்கள். ஒரு விசயம் மட்டும்: பழைய கொப்பியைப் பார்த்து வெளிக்குழுவாக மரையையே போட்டுவிடாதீர்கள். மரையும் மூஞ்சூறு இருக்கும் அதே கிளையில்தான் இருக்கிறது, இந்தக் கணக்கில் அது வெளியாள் இல்லை. யானையைப் போடுங்கள்.